கிளிங்கான் இலக்கணத்தில் என் தம்பிக்கு எந்த இடம்?

விடியற்காலை முதல் பந்தல்காரரோடும் மைக்செட்காரரோடும் மல்லுக்கட்டி, இப்போது துண்டால் வியர்வையைத் துடைத்தபடி தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் மாசிலாமணி ஐயா அவர்களே! வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, காலி மீன்கூடையை வீட்டில்கூட வைக்காமல் நேரே பந்தலுக்கு வந்துவிட்ட தாய்மார்களே! என்னிடம் டியூஷன் படித்து, என்னிடம் திட்டும் வாங்கி, இன்று எனக்கே கைதட்டக் காத்திருக்கும் பிள்ளைகளே! தோணிரேவுப் படிப்பகத்தின் இந்தப் பதினோராம் ஆண்டு விழாவில் உங்கள் ஜெபசெல்வி டீச்சரின் அன்பு கலந்த, அச்சமும் கலந்த வணக்கம்.

அச்சமா, டீச்சருக்கா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதிக் கொடுத்த தலைப்பு "கிளிங்கான் இலக்கணம்". அச்சகத்துக்காரர் அதைப் படித்தார், யோசித்தார், பழவேற்காட்டு ஏரிக்கரையில் கிளிங்கானாவது மண்ணாவது என்று முடிவு செய்து, "கிளிஞ்சல் இலக்கணம்" என்று திருத்தி அடித்துவிட்டார். அதை நம்பி, கிளிஞ்சல் வாரும் அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர், ஏதோ திட்டம் அறிவிக்கப் போகிறார்கள் என்று வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னம்மா? "அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லியா?" என்கிறீர்களா? திட்டம் ஏதும் இல்லை தாயே. ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். நான் பேசப்போவது உங்கள் வீட்டுக்கும் வேண்டியதுதான்.

கிளிங்கான் என்பது என்ன? எந்த நாட்டு மொழி? எந்த இனத்தின் பேச்சு? எந்த நாட்டிலும் இல்லை, எந்த இனத்துக்கும் இல்லை! விண்வெளிக் கதை ஒன்றில் வரும் வீர மாந்தருக்காக, இந்த மண்ணில் வாழும் ஓர் அறிஞர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி. உண்டாக்கியது ஒருவர் என்றாலும், உலகமெங்கும் அதைக் கற்றவர்கள் உண்டு. வடக்கே உண்டு, மேற்கே உண்டு, இந்தத் தோணிரேவிலும் ஒருவர் உண்டு. என் தம்பி ஜோஷ்வா. வலையை விட்டுவிட்டு மீனுக்குக் காத்திருக்கும் நேரத்தில், படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போனிலேயே கற்றுக்கொண்டவன். "அந்த பாஷைய படிச்சா இன்னாடா வேல கெடைக்கும்?" என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. அவன் சொல்வான்: "வானத்துலேர்ந்து எவனாச்சும் எறங்குனான்னா, மொதல்ல என்னத்தான் கூப்புடுவீங்க. அப்ப வெச்சுக்கறேன்."

ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே எனக்குப் பாடம் எடுத்தான். "க்கா, உங்க தமிழ்ல பெயர்ச்சொல் எத்தன வகை?" நான் விடுவேனா? இருபது வருஷமாக இலக்கணம் நடத்துகிறவள். உயர்திணை, அஃறிணை, இரண்டு திணை என்றேன். "அவங்களுக்கு மூணுக்கா" என்றான். அவர்கள் பன்மை சொல்லும்போது மூன்று வேறு விகுதி போடுவார்களாம். பேசத் தெரிந்தவர்களுக்குப் "பு". உடல் உறுப்புகளுக்கு "டு". மிச்சம் இருக்கிற அத்தனைக்கும் "மேய்". அவர்கள் மொழியில் "பூக்" என்றால் பிள்ளை. பிள்ளைகள் என்றால் பூக்பு. கண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் "மின்". கண்கள் என்றால் மின்டு. பார்த்தீர்களா, கண்ணை மீனாகப் பாடிய நம் புலவர்களுக்கு விண்வெளியிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்! கப்பலுக்கு "டூஜ்". கப்பல்கள் என்றால் டூஜ்மேய்.

நம்மிடம் அப்படியா? படகுகள் என்கிறோம், விரல்கள் என்கிறோம், ஆசிரியர்கள் என்கிறோம். வலைக்கும் கள், வாய்க்கும் கள், வாத்தியாருக்கும் கள்! பின்வரிசையில் ஏன் இத்தனை சிரிப்பு? நான் சொன்னது விகுதியை ஐயா, நீங்கள் நினைப்பதை அல்ல.

அவர்கள் மனிதரையும் பொருளையும் பிரிப்பது எதை வைத்து? பிறப்பை வைத்தா? இல்லை. பணத்தை வைத்தா? இல்லை. பலத்தை வைத்தா? போர் வீரர்களின் மொழிதான், ஆனாலும் இல்லை. பேச்சை வைத்து! மொழியைக் கையாள வல்லதா அந்த உயிர்? ஆம் என்றால் மேலே. இல்லை என்றால் மேய். அந்த மேய் விகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டு, பூக்மேய் என்று சொன்னால் என்ன பொருள் தெரியுமா? அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் என்று பொருள். "நம்ம மாடு மேயுற மாதிரிதான்க்கா" என்று ஜோஷ்வா சிரித்தான். "என்னுடைய" என்று சொல்வதற்கும் அவர்களிடம் இரண்டு விகுதி, பேசுகிறவருக்கு ஒன்று, பேசாததற்கு ஒன்று. பேசுகிறவருக்குப் பேசாததன் விகுதியைப் போட்டால் இழிவுபடுத்தியதாக எடுத்துக்கொள்வார்களாம். "தலைவரைப் போய் அப்டி சொல்லிட்டன்னு வெச்சிக்கோ, கத்திய எடுத்துருவாங்க" என்றான். அன்று நானும் சிரித்தேன். அது புரட்டாசி மாதம்.

ஐப்பசி வந்தது. அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் செய்தது உங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததை இன்று மைக் போட்டுச் சொல்லப் போகிறேன்.

முதல்நாள் சாயங்காலம் முகத்துவாரத்துக்கு வெளியே ஐந்து வலைகளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் வாடைக் காற்று. விடிந்ததும் வலையை எடுக்க ஒரு படகில் ஐந்து பேர் போனார்கள், அதில் ஜோஷ்வா ஒருவன். பின்னாலேயே ஆதிகேசவன் அண்ணன் தன் படகில் போனார். காலை எட்டேகால். ஏலக்கூடத்துப் பக்கம் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது, நம் வாட்ஸ்அப் குழுவில் ஆதிகேசவன் அண்ணனின் குரல் வந்தது. காற்றும் இன்ஜினும் சேர்ந்து இரைகிற இரைச்சலில் இவ்வளவுதான் கேட்டது: "நாலு ஆப்டுச்சு... ஒண்ணு ஆப்டல... பாத்துனு கீறோம்..." அதோடு சிக்னல் போய்விட்டது.

நாலு அகப்பட்டது. ஒன்று அகப்படவில்லை. எது நாலு? எது ஒன்று? வலையும் ஐந்து, ஆளும் ஐந்து!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "டீச்சர், இன்னாது ஆப்டலயாம்?" என்று கேட்டார்கள். நான் யார்? தமிழ் டீச்சர் அல்லவா? இலக்கணம் கரைத்துக் குடித்தவள் அல்லவா? நிமிர்ந்து நின்று சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ஆப்டுச்சுன்னா அஃறிணை வினைமுற்று. ஆளா இருந்தா ஆப்ட்டாங்கன்னு சொல்லியிருப்பார். வலையத்தான் சொல்றார், போய் வேலையப் பாருங்க" என்றேன்.

வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் போய், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திணை வழு நடத்தினேன்.

பத்து மணிக்கு ஆதிகேசவன் அண்ணனின் படகு திரும்பியது. அதிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். நனைந்து, நடுங்கி, வாய் நீலம் பாரித்து, நாலு பேர் இறங்கினார்கள். முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்திருந்தது. ஐந்தாவது ஆள் என் தம்பி. படகிலிருந்து அவன் இறங்குவான் இறங்குவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். படகு காலியாகிவிட்டது. அதற்கப்புறமும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏன் போட்டுகள் வரவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே கத்தினேனே என்று ஆதிகேசவன் அண்ணன் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? நாம் அப்படித்தானே பேசுகிறோம்? படகு வந்துச்சு, பெரியவர் வந்துச்சு, பொண்டாட்டி வந்துச்சு, பொயலும் வந்துச்சு! அவர் தன் பேச்சைப் பேசினார். நான் என் புத்தகத்தைக் கேட்டேன். அந்த இரண்டு மணி நேரம் என் தம்பி தண்ணீரில் கிடந்தான்.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பதினான்கு படகுகளை ஒரே மூச்சில் தள்ளினீர்கள். அந்த அலையில், அந்தக் காற்றில், எந்த வீட்டுப் பெண்ணும் போகாதே என்று சொல்லவில்லை. பகல் ஒரு மணிக்கு, நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போன இடத்தில், டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தவனைக் கண்டுபிடித்தீர்கள். உயிரோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். கேனிலிருந்து அவன் கையைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

உயிர் வந்தது. பேச்சு வரவில்லை.

தொண்டையில் குறை இல்லை, நாக்கில் குறை இல்லை, காது கேட்கிறது, காலம் ஆகும் அம்மா என்கிறார் சென்னை டாக்டர். ஐந்து மாதம் ஆகிவிட்டது. சாப்பிடுகிறான், தூங்குகிறான், வாசலில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கிறான். அதோ, பந்தல் காலுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், அவனுக்குப் பிடிக்காது.

இப்போது என் அச்சத்துக்கு வருகிறேன். கடல் எனக்கு அச்சம் தரவில்லையா? தருகிறது. காற்று? தருகிறது. ஆனால் அவை வெளியே இருக்கின்றன. வீட்டுக்குள்ளே வந்துவிட்ட அச்சம் ஒன்று உண்டு. பேசுகிறவர்களுக்கு ஒரு விகுதி, மிச்சத்துக்கெல்லாம் மேய் என்று அவன் வாயாலேயே எனக்குச் சொன்னானே, அந்த இலக்கணத்தில் என் தம்பிக்கு இப்போது எந்த இடம்? அந்தப் பக்கமா? இந்தப் பக்கமா? பாதி ராத்திரி வேண்டாம், பட்டப்பகலில் சோறு வடிக்கும்போது இந்தக் கேள்வி வந்தால் கை நின்றுவிடுகிறது.

ஏனென்றால் ஊர் முடிவு செய்யத் தொடங்கிவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்கா இங்கேதான் இருக்கிறார். தினமும் குழம்பு கொண்டுவருகிற கை அவர் கை. அந்தக் கையை நான் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அக்கா, வாசலில் அவனைத் தாண்டிக்கொண்டு வந்து, உள்ளே இருக்கிற என்னிடம் கேட்கிறீர்கள்: "இன்னா டீச்சர், அது சாப்டுச்சா? அதுக்கு மீன் ஒத்துக்குதா?" அவன் அங்கேயே இருக்கிறான். அவனுக்குக் காது கேட்கிறது. முதல் மாதம் எல்லோரும் "ஜோஷ்வா எப்டி கீறான்?" என்று கேட்டீர்கள். மார்கழியில் "தம்பி எப்டி கீது?" என்றீர்கள். மாசி முடியும்போது "அது எப்டி கீது?" ஆகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு படி. யாரும் தள்ளவில்லை, தானே இறங்கிக்கொண்டிருக்கிறது.

குழந்தையை அது என்று கொஞ்சுவதில்லையா டீச்சர் என்று ஒரு தாய் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கொஞ்சுகிறோம். ஆனால் குழந்தை வளர்ந்து அவன் ஆகும், அவள் ஆகும் என்று தெரிந்துதானே கொஞ்சுகிறோம்? இருபத்தாறு வயதில் அவனாக இருந்தவனை அது என்று கீழே இறக்குவது கொஞ்சலா?

உங்களை மட்டும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்த பாதிரியார், வாசலில் நின்று ஜோஷ்வாவைப் பார்க்கலாமா என்றார். "அது தூங்குதுங்க ஃபாதர்" என்றேன். நான் சொன்னேன்! இந்த வாய் சொன்னது! சொல்லிவிட்டுத் திரும்பினால் அவன் தூங்கவில்லை. பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அலையைப் பார்த்துக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஏற்கனவே ஒருமுறை அவனை அஃறிணையில் சேர்த்துத் தண்ணீரில் விட்டவள் நான். இரண்டாம் முறையும் சேர்த்துவிட்டேன்.

பெரியோர்களே! நம் பழைய இலக்கணம் யாரையெல்லாம் உயர்திணை என்று சொல்கிறது? மக்களைச் சொல்கிறது. தேவர்களைச் சொல்கிறது. மூன்றாவதாக யாரைச் சொல்கிறது? நரகரை! நரகத்தில் உழல்கிறவர்களை! எரியும் நெருப்பில் கிடந்தாலும் அவன் அவன்தான், அவள் அவள்தான் என்று நம் முன்னோர் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஐந்து மணி நேரம் அலையில் கிடந்து வந்தவனுக்கு உயர்திணையில் இடமில்லையா? நரகருக்குக் கொடுத்ததை ஜோஷ்வாவுக்குக் கொடுக்க மாட்டோமா?

கிளிங்கான் இலக்கணத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் போனிலேயே படித்தேன். அங்கே "பேசுகிறவர்" என்று இல்லை ஐயா, "மொழியைக் கையாள வல்லவர்" என்று இருக்கிறது. வல்லவர்! இப்போது பேசுகிறாரா என்று அந்த இலக்கணம் கேட்கவில்லை. தூங்குகிறவன் பேசுவதில்லை, அதற்காகத் தூங்கும்போது மேய் போடுவார்களா? கோபத்தில் மூன்று நாள் பேசாத புருஷனுக்கு மேய் போடலாமா? போடலாம் என்று அந்த மூலையில் ஓர் அம்மா சொல்கிறார், அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

ஆகவே இந்த மேடையிலிருந்து இரண்டு கேட்கிறேன். கடலுக்குப் போகிறவர்களே, இனிமேல் செய்தி சொல்லும்போது எண்ணைச் சொல்லாதீர்கள், பேரைச் சொல்லுங்கள். ஒண்ணு ஆப்டல என்று சொல்லாதீர்கள், ஜோஷ்வா ஆப்டல என்று சொல்லுங்கள். உங்கள் பேச்சை மாற்றச் சொல்லவில்லை. ஆப்டுச்சு என்றே சொல்லுங்கள், பேரோடு சொல்லுங்கள். சிக்னல் அறுந்துபோனாலும் பேர் வந்து சேர்ந்துவிடும். தலைவர் ஐயா தலையாட்டுகிறார், அதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கரையில் இருக்கிறவர்களே, அவன் சாப்பிட்டானா என்று என்னைக் கேட்காதீர்கள். அவனைக் கேளுங்கள். பதில் வராது என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்காதீர்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். காலம் ஆகும் என்றாரே டாக்டர், அந்தக் காலத்தை யார் கொடுப்பது?

எப்படிக் கேட்பது என்கிறீர்களா? இதோ, டீ கேனோடு ஆதிகேசவன் அண்ணன் நிற்கிறார். ஐந்து மாதமாக எங்கள் தெருப் பக்கமே வராதவர். அண்ணா, தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் கேளுங்கள். ஒரு கிளாஸில் டீ ஊற்றுங்கள். போங்கள் அண்ணா.

கொஞ்சம் அமைதி. அந்த மின்விசிறியை நிறுத்துங்கள்.

"ஜோஷ்வா... டேய்... டீ குடிக்கிறியாடா?"

கேட்டுவிட்டார். யாரும் உதவி செய்யாதீர்கள். யாரும் அவனுக்காகப் பதில் சொல்லாதீர்கள். அண்ணா, கிளாஸை நீட்டிக்கொண்டே நில்லுங்கள், சூடாக இருந்தாலும் நில்லுங்கள். பார்க்கிறான். கிளாஸைப் பார்க்கிறான். அண்ணன் முகத்தைப் பார்க்கிறான். நாங்கள் காத்திருக்கிறோம் ஜோஷ்வா, அவசரமே இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் கேட்போம்.

கையைத் தூக்குகிறான். கிளாஸைத் தள்ளுகிறான். தலையை...

என்ன இருசம்மாள் அக்கா? ஏன் எழுந்து நின்று கத்துகிறீர்கள்? மைக்கில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்!

"வேணான்றான் டீச்சர்! தலைய ஆட்டி வேணான்றான்!"

வேணான்றான். கேட்டீர்களா சபையோரே? என்கிறது அல்ல, என்கிறான், என்கிறான்! பலகை வேண்டாம் என்று சொல்லுமா? படகு சொல்லுமா? என் தம்பிக்கு டீ வேண்டாமாம்! ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவனை ஒன்று கேட்டோம், அவனும் ஒன்று சொல்லிவிட்டான். கைதட்டாதீர்கள், மிரண்டுபோவான். சும்மா இருங்கள்.

என் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. நாளைக் காலையில் மறுபடியும் காற்று அடிக்கும், மறுபடியும் இந்த வாய் தவறும். தவறினால் என்னைத் திருத்துங்கள், டீச்சர் என்று பார்க்காதீர்கள். அழுகை வருகிறது, இதற்கு மேல் பேச வராது. இவ்வளவு நேரம் பொறுமை காத்த தலைவருக்கும், காலிக் கூடையோடு கால் கடுக்க நிற்கும் தாய்மார்களுக்கும், தலைப்பால் ஏமாந்தும் எழுந்து போகாத கிளிஞ்சல் அம்மாக்களுக்கும், பதினான்கு படகுக்காரர்களுக்கும் என் நன்றி. ஆதிகேசவன் அண்ணா, அந்த டீயை நீங்கள் குடியுங்கள். ஜோஷ்வா, உனக்கு என்னதான்டா வேணும்? நான் இறங்கி வருகிறேன், என்னிடம் சொல். எல்லோருக்கும் வணக்கம்.